பேரிங் ஆகிறது, ஆனால் பேச மாட்டேன் என்கிறது: மோஷன் சென்சாரும் ப்ளூடூத்தும்

நீங்கள் எழுதியதை எனக்குப் புரிந்தபடி முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். வாசல் பக்கம் யாராவது நடமாடினால் உள்ளே இருக்கும் உங்கள் போனில் தெரிய வேண்டும். அதற்காக எச்சி-எஸ்ஆர்501 என்ற பிஐஆர் மோஷன் சென்சார் (உடல் சூட்டை வைத்து அசைவை அறிவது), ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் போர்டு, எச்சி-05 ப்ளூடூத் மாட்யூல் மூன்றையும் வாங்கிக் கோர்த்திருக்கிறீர்கள். ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் பேரிங் ஆகிறது. ‘கனெக்டட்’ என்று மட்டும் வரவில்லை. தங்கையின் ஐபோனில் மாட்யூல் கண்ணிலேயே படவில்லை. போதாக்குறைக்கு, ஆளே இல்லாத நேரத்திலும் சென்சார் சும்மா சும்மா அடிக்கிறது. கடைசியாக, இதைப் பேட்டரியில் ஓட்டலாமா என்று ஒரு வரி. ‘எப்படி இணைப்பது’ என்றுதான் தலைப்பு வைத்திருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு வேண்டியது இணைப்பு அல்ல என்று நினைக்கிறேன். திரை அணைந்து மேஜைமேல் கிடக்கும் போனுக்கும் சேதி வந்து சேர வேண்டும், அதுதான் கேள்வி. இணைப்பது அரை மணி நேர வேலை. சேதி தவறாமல் சேர்வதுதான் பாடு.

பதினைந்து வருடமாகச் சின்னச் சின்ன எலெக்ட்ரானிக்ஸ் கருவிகள் செய்து கொடுப்பது என் பிழைப்பு. இந்த வகைச் சென்சார்களோடு நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன். உங்கள் வயரிங்கின் படமும் கோடும் (ஊனோவில் ஏற்றிய ப்ரோகிராமும்) இல்லாமல் எழுதுகிறேன் என்பதால், எதை உறுதியாகச் சொல்கிறேன், எதை ஊகித்துச் சொல்கிறேன் என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

உறுதியானதில் தொடங்குவோம். எச்சி-05 பேரிங் ஆகியும் ‘கனெக்டட்’ என்று வராமல் இருப்பது கோளாறே இல்லை. அது அப்படித்தான் இருக்கும். பேரிங் என்பது இரண்டு பேரும் அறிமுகமாகி எண்களைப் பரிமாறிக்கொண்டது போல. பேச்சு தொடங்க ஒருவர் அழைக்க வேண்டும். ஹெட்போனை இணைத்தால் போனே அழைத்துவிடுகிறது, ஏனென்றால் ஒலியை என்ன செய்வது என்று போனுக்குத் தெரியும். எச்சி-05 கொடுப்பது வெறும் சீரியல் போர்ட். எழுத்துகள் வரும், போகும், அவ்வளவுதான். அதை வைத்து என்ன செய்வது என்று ஆண்ட்ராய்டுக்குத் தெரியாது. ஒரு ஆப் வந்து அந்தப் போர்ட்டைத் திறந்தால்தான் இணைப்பு உண்டாகும். ‘சீரியல் ப்ளூடூத் டெர்மினல்’ என்ற ஆப்பை இறக்கி, அதில் எச்சி-05ஐத் தேர்ந்தெடுத்துக் கனெக்ட் கொடுங்கள். மாட்யூலின் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். படபடவென்று விடாமல் சிமிட்டினால் யாராவது அழைப்பார்களா என்று காத்திருக்கிறது. இரண்டு முறை சட்டென்று சிமிட்டி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி இரண்டு முறை சிமிட்டினால் இணைந்துவிட்டது. போன் திரை சொல்வதைவிட இந்த விளக்கு சொல்வதைத்தான் நான் நம்புவேன்.

ஐபோன் விஷயமும் உறுதியானதுதான். எச்சி-05 பழைய கிளாசிக் ப்ளூடூத் வகை, 2.0 காலத்துச் சரக்கு. அந்தச் சீரியல் போர்ட் முறையை ஐபோன் ஆப்கள் பயன்படுத்த வேண்டுமென்றால், கருவி ஆப்பிளின் அனுமதித் திட்டத்தின் கீழ் வந்ததாக இருக்க வேண்டும். எச்சி-05 அப்படிப்பட்டது அல்ல. எந்த ஆப்பை இறக்கினாலும், எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் நடக்காது. தங்கையின் போனிலும் வேண்டும் என்றால் பிஎல்ஈ எனப்படும் லோ எனர்ஜி வகைக்கு மாறித்தான் ஆக வேண்டும். அது 2010இல் ப்ளூடூத் 4.0 உடன் வந்தது. ஐபோனில் 4எஸ் முதல், ஆண்ட்ராய்டில் 4.3 முதல் இருக்கிறது. ஆகவே இன்று யார் கையில் இருக்கும் போனிலும் வேலை செய்யும்.

மாறுவதற்கு முன்னால் இருப்பதை வைத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், கற்றுக்கொள்ள நல்லது. சென்சாரின் அவுட் பின்னில் 3.3 வோல்ட்தான் வரும். ஊனோவுக்கு அது போதும், நேராகவே கொடுக்கலாம். எச்சி-05இன் ஆர்எக்ஸ் காலுக்கு (தகவலைப் பெறும் கால்) மட்டும் ஊனோவின் 5 வோல்ட்டை நேராகக் கொடுக்காதீர்கள். நடுவில் 1 கிலோஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோஓம் என இரண்டு ரெசிஸ்டர் போட்டால் 3.3 வோல்ட்டாக இறங்கிவிடும். நேராகக் கொடுத்தும் பல நாள் ஓடும். ஓடுகிறதே என்று விட்டுவிடுவோம், பிறகு ஒரு நாள் ஊமையாகிவிடும். 0, 1 எண் பின்களில் மாட்டியிருந்தால் கோடு ஏற்றும்போது யுஎஸ்பியோடு மோதும். வேறு இரண்டு பின்களில், கோடு மூலமே சீரியல் போர்ட் உண்டாக்கும் சாஃப்ட்வேர் சீரியல் வைத்துக்கொள்ளுங்கள். வேகம் நொடிக்கு 9600 பிட். டெர்மினலில் குப்பைக் குப்பையாக எழுத்து வந்தால் வேகம் பொருந்தவில்லை என்று பொருள்.

கோடில் பெரும்பாலானோர் செய்யும் ஒரு தவறு உங்களிடமும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். சென்சாரின் அவுட் பின் ஹையாக (வோல்ட் வரும் நிலையில்) இருக்கிறதா என்று லூப்பில் பார்த்து, இருந்தால் ‘மோஷன்’ என்று அனுப்பு என எழுதியிருப்பீர்கள். சென்சார் ஒரு முறை தூண்டப்பட்டால் அந்த அவுட் பின் சில விநாடிகள் ஹையாகவே நிற்கும். அந்த நேரம் முழுக்க ஒரே வரி நூற்றுக்கணக்கில் கொட்டும். போன முறை லோவாக இருந்து இந்த முறை ஹையாக மாறினால் மட்டும், ஒரே ஒரு வரி அனுப்புங்கள். முடிவெடுப்பது சென்சார் பக்கம் நடக்க வேண்டும். போனுக்குப் போவது ஒரு சின்னச் சேதியாக இருக்க வேண்டும். பிஎல்ஈக்குப் போனாலும் இதே விதிதான்.

இனி ஆளில்லாமல் அடிக்கும் சிக்கல். இந்தச் சென்சார் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். நம் உடல் சூட்டுக்கு நாம் எல்லோரும் அகச்சிவப்புக் கதிர் வீசிக்கொண்டே இருக்கிறோம், அலைநீளம் ஏறக்குறைய 10 மைக்ரோமீட்டர். சென்சாருக்குள் அதை உணரும் இரண்டு சின்னத் தகடுகள் எதிரெதிராக இணைக்கப்பட்டிருக்கும். இரண்டிலும் ஒரே அளவு சூடு பட்டால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூச்சியம். ஒன்றில் பட்டு மற்றதில் படாத கணத்தில்தான் சிக்னல். மேலே இருக்கும் வெள்ளைக் குமிழ் ஃப்ரெனல் லென்ஸ். அறையைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்துத் தருகிறது. கீற்றுகளைக் குறுக்கே தாண்டி நடப்பவரை உடனே பிடிக்கும்; சென்சாரை நோக்கி நேராக வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். அதனால் வாசலுக்கு நேர் எதிரே வைக்காமல், வருபவர் குறுக்கே கடக்கும்படி பக்கச் சுவரில் வையுங்கள். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் ஒன்றும் தெரியாது. நம் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் கண்ணாடி இந்தக் கதிருக்குச் சுவர் மாதிரி.

பின்பக்கம் இரண்டு ஆரஞ்சுத் திருகுகள் இருக்கும். ஒன்று தூரம், சுமார் 3 முதல் 7 மீட்டர். மற்றது ஒரு முறை தூண்டப்பட்டால் எவ்வளவு நேரம் ஹையாக நிற்க வேண்டும் என்பது. சில விநாடிகளிலிருந்து 5 நிமிடம் வரை போகும். நேரத் திருகு கடைசி வரை முறுக்கி வந்திருந்தால், ஆள் போய் ஐந்து நிமிடம் ஆகியும் ‘இருக்கிறார், இருக்கிறார்’ என்றுதான் சொல்லும். இடது பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டுத் தொடங்குங்கள். மின்சாரம் கொடுத்த முதல் ஒரு நிமிடம் அது நிலைக்கு வரும் நேரம், அப்போது தானாக இரண்டு மூன்று முறை அடிக்கும். கோடில் அந்த ஒரு நிமிடத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இதெல்லாம் சரி செய்த பிறகும் அடித்தால், சந்தேகம் ரேடியோமேல். இது என் ஊகம், ஆனால் அடிபட்டு வந்த ஊகம். வைஃபையும் ப்ளூடூத்தும் உள்ளேயே இருக்கும் இஎஸ்பி32 என்ற போர்டை ஒரு கைப்பெட்டிக்குள் வைத்து, அதன் ஆன்டெனாவுக்கு இரண்டு விரல் தள்ளி இந்தச் சென்சாரைப் பொருத்தினேன். பகலில் மேஜைமேல் சோதித்தபோது ஆட்கள் நடமாடிக்கொண்டே இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. இரவு பூட்டிய அறையில் வைத்துவிட்டுப் போய் காலையில் பார்த்தால், ஏறக்குறைய ஒரே இடைவெளியில் பக்கம் பக்கமாகப் பதிவு. எலி, பல்லி, காற்றில் ஆடும் திரை என்று ஒவ்வொன்றாகத் துரத்தினேன். நடந்தது வேறு: சென்சார் தூண்டப்பட்டதும் போர்டு ரேடியோவில் சேதி அனுப்பும். மிக நுண்ணிய சிக்னலை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கும் சென்சாரின் சுற்று அந்த ரேடியோ வீச்சையும் சேர்த்துப் பெருக்கி, யாரோ வந்தார்கள் என்று எடுத்துக்கொள்ளும். மறுபடி சேதி, மறுபடி வீச்சு. தன் குரலுக்கே தான் திடுக்கிட்டுக் கத்துவது போல. வயரை நீட்டிச் சென்சாரை ஒரு சாண் தள்ளி வைத்ததும் நின்றுவிட்டது. உங்களுக்கும் இதுதானா என்று அறிய, ப்ளூடூத் மாட்யூலைக் கழற்றிவிட்டு, ஊனோவின் விளக்கை மட்டும் எரிய வைத்து ஒரு மணி நேரம் காலி அறையில் விடுங்கள். அமைதியாக இருந்தால் குற்றவாளி ரேடியோ, அல்லது அது இழுக்கும் மின்சாரம். தள்ளி வையுங்கள், சென்சாரின் பவர் கால்களுக்குக் குறுக்கே 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போடுங்கள், சேதி அனுப்பிய பின் ஐந்து விநாடி சென்சாரைப் பார்க்காதே என்று கோடில் எழுதுங்கள். அப்போதும் விடாமல் அடித்தால் ஏஎம்312 என்ற சின்னச் சென்சாருக்கு மாறுங்கள். அதில் திருகு எதுவும் இல்லை, தூரம் குறைவு. ஆனால் ரேடியோவுக்கு அருகில் இருந்தாலும் அவ்வளவாக மிரளாது, 2.7 வோல்ட்டிலேயே ஓடும் என்பதால் பேட்டரிக்கும் தோது.

பிஎல்ஈக்கு வருவோம். நீங்கள் ஊனோவையும் எச்சி-05ஐயும் எடுத்துவிட்டு ஒரே ஒரு இஎஸ்பி32 போர்டு வைத்துக்கொள்ளலாம், இரண்டு வேலையும் அதுவே செய்யும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய இஎஸ்பி32இல் கிளாசிக், பிஎல்ஈ இரண்டும் உண்டு. சி3, எஸ்3 வகைகளில் பிஎல்ஈ மட்டும்தான். இணையத்தில் கிடைக்கும் ‘ப்ளூடூத் சீரியல்’ கோடை எடுத்து சி3இல் ஏற்றி, கம்பைல் ஆகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பிஎல்ஈயில் சீரியல் போர்ட் என்ற எண்ணத்தை மறந்துவிடுங்கள். கருவி ஒரு அறிவிப்புப் பலகை மாட்டிக்கொண்டு, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று நொடிக்குச் சில முறை கூவும். அட்வர்டைசிங் என்பது அதுதான். அதைக் கேட்டுப் போன் வந்து இணையும். பலகையில் கேரக்டரிஸ்டிக் என்ற கட்டங்கள் இருக்கும். ‘அசைவு உண்டா: 0 அல்லது 1’ என்று உங்களுக்கு ஒரே கட்டம் போதும். கட்டம் மாறும்போது எனக்குச் சொல் என்று போன் முன்கூட்டியே சொல்லி வைப்பது நோட்டிஃபை. போன் செட்டிங்ஸில் போய்த் தேடாதீர்கள். அங்கே தெரியலாம், தெரியாமலும் போகலாம், இரண்டுமே பொருட்டல்ல. ‘என்ஆர்எஃப் கனெக்ட்’ என்ற இலவச ஆப் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இருக்கிறது. அதில் உங்கள் கருவி தெரிந்து, நோட்டிஃபையைத் தட்டிவிட்டு நீங்கள் கையை அசைக்கும்போது 0 என்பது 1 ஆனால், கருவிப் பக்கம் வேலை முடிந்தது. அதன் பிறகு வரும் சிக்கல் எல்லாம் போன் பக்கத்துச் சிக்கல்.

அந்தக் கட்டத்துக்கு வரும் முன் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன, மூன்றிலும் விழுந்திருக்கிறேன். நோட்டிஃபை வைக்கும் கேரக்டரிஸ்டிக்குக்கு 2902 என்ற துணைக் குறிப்பு வேண்டும். பழைய ஆர்டுயினோ நூலகங்களில் அதை நாமே சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் போன் ‘சொல்’ என்று கேட்கவே முடியாது. இரண்டாவது: கோடில் சர்வீஸை (கட்டங்களின் தொகுப்பை) மாற்றிய பிறகும் போன் பழைய பலகையையே நினைவில் வைத்திருக்கும். ப்ளூடூத்தை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். மூன்றாவதுதான் ஆளைக் கொல்வது. முதல் முறை அழகாக இணைகிறது. போனோடு கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி வந்தால் கருவி செத்தது போலக் கிடக்கிறது. ரீசெட் தட்டினால் மறுபடி உயிர். காரணம், இணைந்ததும் கருவி கூவுவதை நிறுத்திவிடும். இணைப்பு அறுந்தால் தானாக மறுபடி தொடங்காது. இணைப்பு அறுந்ததும் ஓடும் ஃபங்ஷனில் அட்வர்டைசிங்கை மறுபடி தொடங்கு என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

இனி போன். ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை பிஎல்ஈ தேடலுக்கு லொகேஷன் அனுமதி வேண்டும். 12 முதல் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்ற தனி அனுமதி. இது இல்லையென்றால் பிழைச்செய்தி எதுவும் வராமல் பட்டியல் காலியாக இருக்கும். திரை அணைந்ததும் போன் தேடுவதை அடக்கிவிடும். பேட்டரியைக் காப்பாற்ற வேண்டுமே. ஆகவே ‘ஆப் எப்போதும் தேடிக்கொண்டே இருக்கட்டும்’ என்ற திட்டம் பகலில் உங்கள் கண்முன் ஓடும், இரவில் காலை வாரும். இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, இணைப்பை அறுக்காமல் பிடித்து வைத்திருப்பது. ஆண்ட்ராய்டில் நிரந்தர அறிவிப்போடு ஓடும் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸாக ஆப்பை எழுதி, பேட்டரி சிக்கனப் பட்டியலிலிருந்து விலக்க வேண்டும். ஐபோனில் பின்னணி ப்ளூடூத் அனுமதியோடு எழுதிய ஆப், நோட்டிஃபை வந்ததும் விழித்துக்கொள்ளும். இன்னொன்று, ‘இந்தக் கருவி எப்போது கூவினாலும் இணைந்துகொள்’ என்று போனிடம் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது. ஆண்ட்ராய்டில் ஆட்டோகனெக்ட் அதைத்தான் செய்கிறது; ஐபோனில் இணைப்புக் கோரிக்கைக்குக் காலக்கெடுவே கிடையாது. பேட்டரிக் கருவிக்கு இந்த இரண்டாவது வழிதான் சரி. சேதி வந்து சேரச் சில விநாடி தாமதமாகும், அவ்வளவுதான். என் வேலை பெரும்பாலும் சர்க்யூட் பக்கம். ஐபோன் ஆப்பை இன்னொருவர் எழுதக் கூடவே இருந்து பார்த்திருக்கிறேனே தவிர, நானே எழுதியதில்லை. அந்தப் பக்கத்து நுணுக்கங்களை ஐபோன் ஆப் எழுதுபவர்களிடம் கேளுங்கள்.

பேட்டரிக் கணக்கைக் கையோடு போட்டுவிடலாம். ஊனோவும் எச்சி-05உம் சேர்ந்து விழித்தே இருந்தால் 9 வோல்ட் சதுரப் பேட்டரி ஒரு நாள்கூடத் தாங்காது. இஎஸ்பி32 டீப் ஸ்லீப் எனப்படும் ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும்போது சிப் மட்டும் சுமார் 10 மைக்ரோஆம்பியர் இழுக்கும். சென்சாரோடு சேர்த்து 70 என்று வைப்போம். ஒரு நாளுக்கு 1.7 மில்லிஆம்பியர்-மணி. அசைவு வந்ததும் சென்சாரின் அவுட் பின்தான் சிப்பை எழுப்பும். 10 விநாடி கூவிச் சேதி சொல்லிவிட்டுத் தூங்கும். அந்த 10 விநாடிக்கு 100 மில்லிஆம்பியர் என்றால் ஒரு தடவைக்கு 0.28, ஒரு நாளில் 50 தடவை என்றால் 14. ஆக, நாளுக்கு 16க்குள். 2000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி காகிதத்தில் நான்கு மாதம் வரும். ஆனால் கடைச் சரக்கான போர்டில் எப்போதும் எரியும் சிவப்பு விளக்கு, யுஎஸ்பி சிப், ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்து 5 மில்லிஆம்பியர் தின்றால், நாளுக்கு 120 அதற்கே போய் இரண்டே வாரத்தில் காலி. எந்தப் போர்டு எவ்வளவு தின்னும் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். மல்டிமீட்டரைத் தொடரில் மாட்டி அளந்த பிறகுதான் மாதக்கணக்கு பேச வேண்டும். மாதக்கணக்கில் இணைப்பையும் அறுக்காமல் வைத்திருக்க வேண்டுமென்றால் இஎஸ்பி32ஐ விட்டுவிட்டு குறைந்த மின்சாரத்தில் ஓடும் என்ஆர்எஃப்52 வகை பிஎல்ஈ சிப்புக்குப் போங்கள்.

தூரத்தைப் பற்றி: 10 மீட்டர் என்று போடுவார்கள். நடுவில் சுவர், இரும்புக் கதவு, மனித உடம்பு எல்லாம் அதைத் தின்னும். கருவியை வாசலில் வைத்துவிட்டு, போன் வழக்கமாகக் கிடக்கும் இடத்தில் நின்று என்ஆர்எஃப் கனெக்டில் சிக்னல் எண்ணைப் பாருங்கள், பூச்சியத்தை நெருங்க நெருங்க வலு அதிகம். மைனஸ் 70க்குள் இருந்தால் நிம்மதி. மைனஸ் 90ஐ ஒட்டினால் அறுந்து அறுந்துதான் வரும். நீங்கள் வெளியே போயிருக்கும்போதும் சேதி வர வேண்டும் என்பதுதான் உள்மனசில் இருக்கும் ஆசை என்றால், ப்ளூடூத்தால் ஆகாது. அதே இஎஸ்பி32இல் வைஃபை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எச்சி-05இன் கடவு எண் 1234 என்று ஊருக்கே தெரியும், மாற்றிவிடுங்கள். பிஎல்ஈயில் அசைவுத் தகவலை அட்வர்டைசிங்கிலேயே வைத்து அனுப்பும் எளிய வழி ஒன்று உண்டு. இணைப்பே வேண்டாம், வசதிதான். ஆனால் அதைத் தெருவில் நிற்பவர் போனிலும் படிக்கலாம். வீட்டில் ஆள் இருக்கிறார்களா இல்லையா என்பதை நாமே ஒலிபெருக்கி வைத்துச் சொல்வதாக ஆகிவிடும்.

முதலில் அந்தச் சிவப்பு விளக்கு எப்படிச் சிமிட்டுகிறது என்பதையும், மாட்யூலைக் கழற்றிய ஒரு மணி நேரச் சோதனையில் சென்சார் எத்தனை முறை அடித்தது என்பதையும் எழுதுங்கள். கூடவே கோடையும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.